எங்கள் பூனை இல்லை

எங்கள் வீட்டுப் பூனைக்கு இடது காதின் நுனி கிடையாது. கிழிந்த மாதிரியோ கடிபட்ட மாதிரியோ இருக்காது. கத்தரிக்கோலால் நேராக வெட்டிய மாதிரி இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் பூனை அழகாக இருக்கிறது என்று சொல்வதற்கு முன்னால் காதுக்கு என்ன ஆச்சு என்றுதான் கேட்கிறார்கள். கேட்டதும் எனக்கு அவசரமாக எழுந்து தண்ணீர் குடிக்கப் போக வேண்டியிருக்கும். அந்தக் காது போனதற்குக் காரணம் நான்தான். ரொம்ப நாள் பூசி மெழுகியாயிற்று, இப்போதாவது ஒழுங்காகச் சொல்லித் தொலைக்கிறேன்.

என் வேலை இன்ஷூரன்ஸ் கம்பெனியில். வண்டி இடிபட்டுவிட்டது, பணம் கொடுங்கள் என்று வருகிறவர்களின் வண்டியை நேரில் போய்ப் பார்த்து, அவர்கள் சொல்வது உண்மையா பொய்யா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்று வருஷத்துக்கு முந்தைய நசுங்கலை நேற்று நடந்ததாகச் சொல்கிறவர்கள் உண்டு. நான் வாக்குவாதம் செய்ய மாட்டேன். நசுங்கிய இடத்தில் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பேன். துரு ஒட்டினால் பழசு. இருபது வருஷமாக இதையே செய்வதால் ஆபீஸில் எனக்குத் 'துரு' என்றே பெயர் விழுந்துவிட்டது. மேலதிகாரிகூட "துரு வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்.

இந்த வேலையில் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. எதைப் பார்த்தாலும் கண் முதலில் குறைக்குத்தான் போகும். மனைவி ஆசையாக ஒரு ஜன்னல் திரை வாங்கி மாட்டினால், தையல் எங்கே பிரிகிறது என்று தேடுவேன். "மனுஷனா நீங்க, பூதக்கண்ணாடியா?" என்பாள். அவளுக்குச் சலவைக்கடையில் இஸ்திரி போடும் வேலை. நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து என்னுடன் சண்டை போட அவளுக்குத் தெம்பு இருக்காது. அந்தப் பொறுப்பை எங்கள் ஒரே மகள் எடுத்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தால் கேள்வி, பதில் சொன்னால் அதிலிருந்து இன்னொரு கேள்வி. அதனால் வீட்டில் அவளுக்கு 'வக்கீல்' என்று பெயர்.

சாப்பிடும்போது அன்றைக்கு யார் என்ன பொய் சொன்னார்கள் என்று நான் கதை சொல்வேன். வக்கீலுக்கு அதைக் கேட்காமல் சோறு இறங்காது. ஒருநாள் கொஞ்சம் அதிகமாகவே பெருமையடித்துக்கொண்டேன்.

"பொய் சொல்றவன் எப்படி மாட்டுறான் தெரியுமா? அதிகமா பேசித்தான் மாட்டுறான். மழை பெஞ்சுது, மாடு குறுக்க வந்துச்சு, மச்சான் போன் பண்ணான்னு அளப்பான். கேட்டதுக்குப் பதில், கூட ஒரே ஒரு விவரம், அப்புறம் வாய மூடிக்கணும். அப்படிச் சொன்னா எவனாலயும் கண்டுபிடிக்க முடியாது."

"அப்ப நல்லா பொய் சொல்றவங்க யாருமே உங்ககிட்ட மாட்டினதில்லையாப்பா?" என்றாள் வக்கீல்.

மனைவிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

பூனை வேண்டும் என்று ஆரம்பித்தது வக்கீலின் ஒன்பதாவது வயதில். ஒரு வருஷம் தட்டிக்கழித்தேன். தீனி, மணல், ஊசி, டாக்டர் என்று செலவைச் சொல்லிப் பயமுறுத்தினேன். ஒவ்வொன்றுக்கும் அவளிடம் எதிர்வாதம் இருந்தது. கடைசியில் என் ஆபீஸ் தெருவிலிருந்த அச்சகத்தில் ஒரு பூனை காகிதக் கட்டுகளுக்கு நடுவில் மூன்று குட்டி போட்டது. அச்சகக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "சார், ஒண்ண எடுத்துக்கிட்டுப் போங்க, காகிதமெல்லாம் பாழாகுது" என்று கெஞ்சினார். சும்மா கிடைக்கிறதே என்று மனசு இளகிவிட்டது.

வக்கீலைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் நேராக ஒரு கோணல் கண் குட்டியிடம் போய் உட்கார்ந்துகொண்டாள். அதற்குக் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது, காலும் லேசாக இழுத்தது. அதுவும் அவள் விரலைப் பிடித்துச் சப்ப ஆரம்பித்துவிட்டது.

"இதுதாம்பா. பாருங்க, இதுக்கு என்னப் பிடிச்சிருக்கு."

"கண்ணப் பாரு. மாசத்துக்கு ஒரு தடவ டாக்டர்கிட்ட ஓடணும். நகரு, நான் பாத்து எடுக்கறேன்."

மற்ற இரண்டையும் வண்டியைச் சோதிப்பதுபோலச் சோதித்தேன். வாயைத் திறந்து பல்லைப் பார்த்தேன், காதுக்குள் பார்த்தேன், வாலை எலும்பு எலும்பாகத் தடவினேன். சாம்பல் வரி போட்ட ஆண்குட்டி ஒன்று கல் மாதிரி இருந்தது. "இதுல ஒரு பொட்டுத் துரு கிடையாது. இதுக்குச் செலவே வராது" என்று அச்சகக்காரரிடம் சொன்னேன். வக்கீல் கோணல் கண் குட்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஆனால் வீட்டுக்கு வந்த இரண்டாம் நாளே அவளும் சாம்பல் குட்டியும் ஒட்டிக்கொண்டார்கள். அது ஒரு வேலையும் செய்யாமல் அறை அறையாகப் போய் எல்லாரையும் முறைத்துப் பார்க்கும். நாற்காலியில் அது உட்கார்ந்திருந்தால் நாங்கள்தான் எழுந்து வேறு இடம் பார்க்க வேண்டும். அதனால் 'மேனேஜர்' என்று பெயர் வைத்தாள். அந்த நாற்காலி விஷயத்தில் எனக்கும் அதற்கும் தினம் தகராறு. இருந்தாலும் நான் வேலைவிட்டு வந்ததும் என் காலணிமேல் தலையை வைத்துத் தேய்க்கும். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதை நான் யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை.

செலவு வராது என்று வாய்விட்டவன் நான். அதைக் காப்பாற்ற வேண்டாமா? மார்க்கெட்டில் இருப்பதிலேயே விலை குறைந்த காய்ந்த தீனியை மூட்டையாக வாங்கிப் போட்டேன். அது கல் மாதிரி இருக்கும், தட்டில் கொட்டினால் சத்தம் வரும். குட்டி பிறக்காமலிருக்க ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று மனைவி சொன்னபோது, "ஆம்பளப் பூனைதான, எங்க போயிடப் போகுது" என்று தள்ளிப்போட்டேன். இரண்டு வருஷம் இப்படியே ஓடிற்று.

அந்தச் சமயத்தில் மனைவியின் அண்ணன் குடும்பத்தோடு வரப்போவதாகத் தகவல் வந்தது. எங்கள் வீட்டில் உட்காரச் சொல்லி உபசரிக்க நல்ல ஆசனம் ஒன்றுகூட இல்லை. ஒரு சோபா வாங்குவதென்று முடிவாயிற்று. மனைவி சேர்த்ததும் நான் சேர்த்ததுமாகப் பணத்தை ஒரு உறையில் போட்டு, சனிக்கிழமை கடையில் கட்டச் சொன்னாள். நான் சனிக்கிழமை முழுக்கச் சோம்பிக் கிடந்தேன். கேட்டால் திட்டுவாளே என்று "கட்டியாச்சு" என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை போகிற வழியில் கட்டிவிடலாம் என்று நினைப்பு.

திங்கட்கிழமை காலையில் மேனேஜர் மணல் தட்டில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே இல்லை. முக்கியது, கத்தியது, வெளியே வந்து தரையில் உட்கார்ந்து மறுபடி முக்கியது. ஒரு சொட்டு மூத்திரம் வரவில்லை. வயிற்றைத் தொட்டால் பந்து மாதிரி இருந்தது. வக்கீல் பள்ளிச் சீருடையில் அதன் பக்கத்தில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

"டாக்டர்கிட்ட கொண்டு போங்க" என்றாள் மனைவி. பிறகு குரலைத் தாழ்த்தி, "கையில என்ன இருக்கு? சோபாவுக்கு வேற கட்டியாச்சே" என்றாள்.

உறை என் சட்டைப் பையில் இருந்தது.

"நான் பாத்துக்கறேன்" என்றேன்.

வக்கீல் தன் துண்டைக் கொண்டுவந்து சலவைக் கூடையில் விரித்து மேனேஜரைப் படுக்கவைத்தாள். "அப்பா, என்ன ஆனாலும் காப்பாத்திருங்கப்பா" என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டுக் கிளம்பினேன்.

பிராணிகள் ஆஸ்பத்திரியில் கூட்டம். எனக்கு முன்னால் நின்ற பெண்மணியின் பூனைக்கும் இதே வியாதி. குணமாகி வீட்டுக்குப் போகிறது. கவுண்டரில் இருந்த பணியாளர் அவளுக்கு உரக்கக் கணக்குச் சொன்னார். குழாய் போட்டது, ரத்தப் பரிசோதனை, ஐந்து நாள் தங்கியது, மருந்து. மொத்தத் தொகையைக் கேட்டதும் என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. கிட்டத்தட்ட ஒரு சோபா. கவுண்டருக்கு மேலே ஒரு பலகை தொங்கிக்கொண்டிருந்தது. உரிமையாளர் இல்லாத பிராணிகளுக்குச் சிகிச்சை இலவசம் என்று அதில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே ஒரு தகர உண்டியல்.

"அடுத்தவங்க வாங்க. உங்க பூனையா, தெருப்பூனையா?" என்றார் பணியாளர்.

யோசித்தேன் என்று சொன்னால் அது பொய். யோசிக்கவே இல்லை.

"எங்க பூனை இல்ல" என்றேன். "கட்டடத்துக்குப் பின்னாடி குப்பத்தொட்டிக்கிட்ட கெடந்துச்சு."

அப்புறம் வாயை மூடிக்கொண்டேன். பணியாளர் மறுபேச்சுப் பேசாமல் எழுதிக்கொண்டார். என் பின்னால் ஒரு கிழட்டு நாயோடு நின்ற பெரியவர் என் தோளைத் தட்டி, "நல்ல மனசு தம்பி" என்றார். கூடைக்குள்ளிருந்து மேனேஜர் தலையைத் தூக்கி என் உள்ளங்கையில் வைத்துக்கொண்டது. கையை இழுத்துக்கொண்டேன்.

டாக்டரம்மா மேனேஜரை மேஜையில் படுக்கவைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். "இன்னிக்கு வராம இருந்தா நாளைக்குப் போயிருக்கும்" என்றார். பிறகு அதன் காலைப் பிடித்து விரலை விரித்தார். "நகமெல்லாம் வெட்டியிருக்கே. யாரோ வளத்த பூனை."

"இருக்கும் டாக்டர்" என்றேன்.

"மட்டமான காஞ்ச தீனியா போட்டு வளப்பாங்க. அதுவும் ஒரு காரணம், இந்த மாதிரி அடைச்சுக்கும். செலவு வருதுன்னு தெரிஞ்சதும் குப்பத்தொட்டியில விட்டுட்டுப் போயிடுவாங்க. மனுஷங்களா சார் அவங்கல்லாம்?"

"ஆமா டாக்டர்" என்றேன். "மனுஷங்களே இல்ல."

"நீங்களாவது தூக்கிட்டு வந்தீங்களே."

ஒரு அட்டையை நீட்டினார். கண்டெடுத்தவர் என்ற இடத்தில் போன் நம்பரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். குணமானதும் நானே வளர்க்கிறேன் என்று சொல்லி வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்கு. வெளியே வந்து நேராகச் சோபாக் கடைக்குப் போனேன். விற்பனையாள் ரசீது எழுதும்போது, "வீட்ல பூன, நாய் ஏதாவது இருக்கா சார்? இருந்தா துணிக்கு கியாரண்டி கெடையாது" என்றான். இல்லை என்றேன். அதே காலையில் அது இரண்டாவது தடவை.

வீட்டில் டாக்டர் ரொம்பக் குறைத்து வாங்கிக்கொண்டார் என்றும், ஒரு வாரம் அங்கேயே இருக்க வேண்டும், யாரும் போய்ப் பார்க்கக் கூடாது என்றும் சொன்னேன். மனைவி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அன்று எனக்கு மட்டும் இன்னும் ஒரு கரண்டி சேர்த்துப் பரிமாறினாள். "பரவால்ல, உங்களுக்கும் ஈரம் இருக்கு" என்றாள்.

புதன்கிழமை சோபா வந்தது. வியாழக்கிழமை ஆபீஸில் இருக்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. டாக்டரம்மாதான்.

"சார், நீங்க கொண்டுவந்த பூனை நல்லாயிடுச்சு. குட்டி பெருகாம இருக்க ஆபரேஷனும் பண்ணிட்டோம், காது நுனியையும் வெட்டியாச்சு."

"காதையா?"

"தெருப்பூனைன்னா வெட்டித்தான சார் விடுவோம். ஆபரேஷன் ஆனதுன்னு தூரத்துலேர்ந்தே தெரியணும்ல. மயக்கத்துல பண்றது, வலி தெரியாது. ஆனா இத இனிமே தெருவுல விட முடியாது, தனிச் சாப்பாடு குடுக்கணும். ஒரு குடும்பம் கேட்டிருக்காங்க. ஆனா கண்டெடுத்தவங்களுக்குத்தான் முதல் உரிமை. உங்களுக்கு வேணும்னா சனிக்கிழமை வீட்ல இருக்கற குழந்தைங்களோட வாங்க. குழந்தைங்ககிட்ட பூனை எப்படி இருக்குன்னு பாக்காம குடுக்க மாட்டோம்."

என் பூனைக்கு நான் மனுப்போட வேண்டும். அதுவும் வக்கீலைக் கூட்டிக்கொண்டு. போனை வைத்துவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். "என்ன துரு, உடம்பு சரியில்லையா?" என்று பக்கத்து மேஜைக்காரர் கேட்டார்.

வெள்ளிக்கிழமை முழுக்க அவளிடம் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். அவள் மேனேஜர் வரப்போகிற குஷியில் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முடியவில்லை. காதில் புண் வந்து நுனியை வெட்ட வேண்டியதாயிற்றாம் என்று மட்டும் அவளிடமும் மனைவியிடமும் சொல்லிவைத்தேன். சனிக்கிழமை பஸ்ஸில் போகும்போது, "அங்க ஏதாவது கேட்டா நான் பேசிக்கறேன். நீ பேசாத" என்றேன்.

"ஏம்ப்பா?"

"அது அவங்க முறை."

"என்ன முறை? நம்ம பூனைய நாம கூட்டிட்டு வர்றதுக்கு எதுக்கு முறை?"

நல்லவேளையாக நிறுத்தம் வந்துவிட்டது.

உள்ளே வரிசையாகக் கூண்டுகள். மேனேஜர் கடைசிக் கூண்டில் இருந்தது. வக்கீலைப் பார்த்ததும் கம்பியில் தலையை முட்டி முட்டிக் கத்தியது. அவள் ஓடிப்போய்க் கம்பிக்குள் விரலை விட்டாள். காதைப் பார்த்ததும் அவள் உதடு துடித்தது. அப்புறம் கூண்டில் மாட்டியிருந்த அட்டையைப் பார்த்தாள்.

தெருப்பூனை. ஆண். குப்பைத்தொட்டி அருகில் கிடந்தது. உரிமையாளர் இல்லை. கண்டெடுத்தவர் என்று போட்டு அதற்கு நேராக என் கையெழுத்து. மாதாமாதம் அவளுடைய மதிப்பெண் அட்டையில் நான் போடுகிற அதே கையெழுத்து. அவள் அட்டையை இரண்டு தடவை படித்தாள். பிறகு என் கையெழுத்தின்மேல் விரலை வைத்தாள். நான் பக்கத்துக் கூண்டிலிருந்த முயலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா வந்தார். "அட, பாப்பாவ பாத்ததும் இப்படித் துள்ளுதே! இது உனக்குத் தெரிஞ்ச பூனையாம்மா?"

வக்கீல் திரும்பி என்னைப் பார்த்தாள். அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "டாக்டர், இது எங்க பூனை" என்று நாலு வார்த்தை. அத்தனை வண்டிக்காரர்களின் பொய்யை முகத்துக்கு நேரே உடைத்தவனுக்கு அந்த நாலு வார்த்தை வரவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இல்ல டாக்டர்" என்றாள். குரல் உடைந்திருந்தது. "எங்க பூனை இல்ல. ஆனா எங்களுக்குக் குடுங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். பிறகு வேறு எதுவும் கேட்காமல் ஒரு படிவத்தை நீட்டினார். இதற்கு முன் பூனை வளர்த்ததுண்டா என்று முதல் கேள்வி. இல்லை என்று எழுதினேன். பூனையின் புதிய பெயர் என்ற இடத்தை வக்கீல் நிரப்பினாள். மேனேஜர் என்று எழுதினாள்.

"நாளைக்குச் செலவு வந்தா விட்டுட மாட்டீங்களே சார்?" என்றார் டாக்டரம்மா.

"மாட்டேன்."

பஸ்ஸில் கூடை அவள் மடியில் இருந்தது. "அப்பா அன்னிக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"பரவால்லப்பா" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவள் என்னிடம் வாதாடுவதை நிறுத்திவிட்டாள். எதைச் சொன்னாலும் "சரிப்பா." பள்ளிச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டலாமா என்றேன். "எனக்குப் போகப் பிடிக்கலப்பா" என்றாள். காலணி கிழிந்திருந்தது, புதிது வாங்கலாம் வா என்றேன். "இன்னும் கொஞ்ச நாளைக்கு வரும்பா" என்றாள். சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் கதை சொல்ல ஆரம்பித்தால் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள். சண்டைக்கு இழுத்துப் பார்த்தேன். வேண்டுமென்றே தப்புத் தப்பாகப் பேசினேன், பூமி தட்டை என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். "சரிப்பா" என்றாள்.

எவ்வளவு கோபம் இருந்தால் ஒரு குழந்தை இப்படிப் பழிவாங்கும் என்று நினைத்துக் குமைந்தேன். என் மகள் இனி ஒருநாளும் என்னைக் குறுக்குக்கேள்வி கேட்க மாட்டாளோ என்ற பயம் வந்துவிட்டது. மேனேஜருக்கு இப்போது டாக்டர் எழுதிக்கொடுத்த விலையுயர்ந்த ஈரத் தீனிதான். ஆபீஸ் போகிற வழியில் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து தகர உண்டியலில் பணம் போட்டேன். இரண்டாவது தடவை அந்தக் கவுண்டர் பணியாளர் பார்த்துவிட்டு, "உங்கள மாதிரி நாலு பேர் இருந்தா போதும் சார்" என்றார். அதற்கப்புறம் அந்தத் தெரு வழியாகவே போகவில்லை. அச்சகத்தின் முன்னால் தலைநிமிர்ந்து போகவும் முடியவில்லை. அந்தக் கோணல் கண் பூனை கொழுகொழுவென்று வாசலில் உட்கார்ந்திருக்கிறது. ஒருநாள்கூட அதை டாக்டரிடம் கொண்டுபோனதில்லையாம்.

மச்சான் அடுத்த மாதம் வந்தார். ஞாயிற்றுக்கிழமை பகல். அவர் மனைவிக்கு உடம்பு சரியில்லாததால் தனியாகத்தான் வந்தார். புதுச் சோபாவின் ஒரு பக்கம் அவர், இன்னொரு பக்கம் நான். "மாப்ள, சோபா பிரமாதம்" என்று தட்டித் தட்டிப் பார்த்தார். மனைவிக்கு முகமெல்லாம் பூரிப்பு. மேனேஜர் வந்து நடுவில் குதித்து எங்கள் இருவரையும் முறைத்துப் பார்த்தது.

"அடடே, காதுக்கு என்ன ஆச்சு?"

நான் தண்ணீர் குடிக்க எழுந்தேன். அதற்குள் தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த வக்கீல் தலையைத் தூக்கினாள்.

"புண்ணு வந்துருச்சு மாமா, அதான் வெட்டினாங்க" என்றாள். "மழையில நனைஞ்சதுல வந்தது."

அவ்வளவுதான். மறுபடி புத்தகத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். குரல் உடையவில்லை, கண் அலையவில்லை. மழை என்று நான் சொன்னதே இல்லை. கேட்டதற்குப் பதில், கூட ஒரே ஒரு விவரம், அப்புறம் வாயை மூடிக்கொண்டாள். மச்சான் "அப்படியா, பாவம்" என்று நம்பிவிட்டார். என்னிடம் வந்திருந்தால் நானும் நம்பித்தான் இருப்பேன். மறுபடி சோபாவில் உட்கார்ந்தேன்.

"புண்ணும் இல்ல, மழையும் இல்ல மச்சான்" என்றேன். "நான்தான் வெட்டவெச்சேன். செலவு வரும்னு பயந்து, தெருப்பூனைன்னு சொல்லி ஆஸ்பத்திரியில விட்டுட்டு வந்தேன். தெருப்பூனைக்குக் காத வெட்டுவாங்க. இவ எனக்காக அங்க பொய் சொன்னா. இப்பவும் சொல்றா."

மனைவி தட்டோடு அப்படியே நின்றாள். மச்சான் என்னையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "விடுங்க மாப்ள, பூனைதான" என்று இழுத்தார்.

வக்கீல் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து வந்தாள்.

"அத ஏம்ப்பா சொன்னீங்க? நான் யார்கிட்டயும் சொல்லவே இல்லையே. அம்மாகிட்டகூட சொல்லல."

"தெரியும்மா."

"நம்மகிட்ட காசு இல்லங்கறது எல்லாருக்கும் எதுக்குத் தெரியணும்?"

எனக்கு முதலில் புரியவில்லை. "என்னது?" என்றேன்.

"அம்மா அன்னிக்குக் காலையிலயே சொன்னாங்கல்ல, சோபாவுக்குக் கட்டியாச்சு, கையில என்ன இருக்குன்னு. உங்ககிட்ட காசு இல்ல. மேனேஜர் செத்துருமேன்னுதான் அப்படிச் சொல்லியிருக்கீங்க. எனக்கு அந்த அட்டையப் பாத்ததுமே புரிஞ்சுபோச்சு. அதான் நான் சுற்றுலாகூட வேணாம்னேன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் குரலில் அந்தப் பழைய வக்கீல் வந்தாள். "காசு இல்லாமத்தானப்பா சொன்னீங்க?"

சரி என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அவள் நம்புவாள். கட்டின தேதி மனைவிக்கும் தெரியாது.

"இருந்துச்சும்மா" என்றேன்.

"எங்க இருந்துச்சு?"

நான் உட்கார்ந்திருந்த சோபாவைக் கையால் தொட்டுக் காட்டினேன்.